எல்.எச்.எக்ஸ்.2

கருவில் முன்மூளை, கண், கபச்சுரப்பி ஆகியவை உருவாவதை நெறிப்படுத்தும் படியெடுப்புக் காரணி. டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் ஒட்டிக்கொண்டு, பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதம் இது. இதை முற்றாக இழந்த சுண்டெலிக் கருவுக்குக் கண்கள் இல்லை, முன்மூளை குன்றுகிறது, கடும் இரத்தசோகையால் கரு பிறக்கும் முன்பே இறக்கிறது.

கபச்சுரப்பி இருவேறு திசுக்கள் கூடி ஆவது. வாய்க்கூரையிலிருந்து எழும் ராத்கே பை முன்மடலாகும். மூளையின் அடியிலிருந்து கீழிறங்கும் புனல் பின்மடலாகும். எல்.எச்.எக்ஸ்.2 இல்லாத எலியில் அந்தப் புனல் இறங்குவதே இல்லை. பின்மடல் அற்றுப்போக, முன்மடல் உருவானாலும் வடிவம் குலைந்து நிற்கிறது.

மூளைப் புறணியில் இதன் பங்கு இன்னும் வியப்பானது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபா டோலேயின் குழு, அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2008இல் இதைக் காட்டியது. சில திட்டுகளில் மட்டும் இக்காரணி நீக்கப்பட்ட எலிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். அத்திட்டுகள் புறணியாகவில்லை, பக்கத்துத் திசுவை ஹிப்போகேம்பஸாக மாற்றும் அமைப்பு மையங்களாயின. நினைவுக்குரிய அப்பகுதி ஒரே மூளையில் பல இடங்களில் முளைத்தது. ஹிப்போகேம்பஸ் உருவாக்கம் குறித்த ஆய்வுகளுக்காக டோலே 2014இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார்.