தோட்ட மண்ணில் எழுந்த பல்கலைக்கழகம்

கெடாவில் பீடோங்கை அடுத்த செமிலிங்கில், ஜெராய் மலை தெரியும் தொலைவில், ஏறத்தாழ 230 ஏக்கரில் பரந்து கிடக்கிறது ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். 2001இல் சுங்கைப்பட்டாணி அமான்ஜெயாவின் தற்காலிக வளாகத்தில் இது தொடங்கியது. ஆனால் இதன் கதையை அந்த ஆண்டிலிருந்து சொன்னால் பாதிக் கதைதான் வரும். மறுபாதி கெடாவின் தோட்டங்களில் இருக்கிறது.

பால்மரம் வெட்ட வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்தது தோட்டப் பள்ளி மட்டுமே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். சில இடங்களில் கிராணியே வாத்தியார். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பிள்ளை தாயோடு வேலைக்காட்டுக்குப் போய்விடும். நிர்வாகமும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. மாற்றத்துக்கான குரலும் இங்கிருந்தே கிளம்பியது. 1946இல் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்றது. 1947இல் பீடோங் வட்டாரத்துப் போராட்டம் போலீஸ் அடக்குமுறையையும் உயிர்ப்பலியையும் கண்டது.

நிலத்தைக் கொண்டு கல்வி எழுந்த கதை வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், அரசு நிலத்தை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகள் எழ வழி செய்தது. தென்மாநிலங்களில் அந்தக் கல்லூரிகளின் கதவு கறுப்பின மாணவர்களுக்கு மூடியே இருந்தது. 1890இல் வந்த இரண்டாம் சட்டம், நிறம் பார்க்காமல் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்கும் ஒரு கல்லூரி நடத்து என்றது. அப்படி நிலைபெற்ற கறுப்பினக் கல்லூரிகள் வகுப்பறையோடு நிற்காமல் குடியானவர் வயலுக்கே கல்வியைக் கொண்டுபோயின.

நம் தோட்டத் தொழிலாளிக்கு நிலம் மானியமாக வரவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்கூலியில் மிச்சம்பிடித்து, தவணை தவணையாகக் கட்டிய நூறு வெள்ளிப் பங்குகளே அதன் மூலதனம். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கூலிக்கு உழைத்தவர்கள் கூடினால் தோட்டத்துக்கே உரிமையாளராகலாம் என்று காட்டிய மாநிலம் இது.

கல்வியிலும் அந்தக் கூட்டு முயற்சி தேவைப்பட்டது. பொதுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் எட்டாக்கனியாக, வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இல்லாதவர்கள் ஆசையை விட்டார்கள். தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து ம.இ.கா. தலைவரான துன் ச. சாமிவேலு, 1984இல் எம்.ஐ.இ.டி. எனும் கல்வி மேம்பாட்டு நிறுவனத்தை உருவாக்கினார். அது மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்தது. 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டம் வழி திறந்தபின் அந்நிறுவனத்தின் முயற்சியில் ஏய்ம்ஸ்ட் பிறந்தது. பிறகு செமிலிங்கின் நிரந்தர வளாகத்துக்கு வந்து, 2008இல் முழுப் பல்கலைக்கழகமானது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வணிகம் எனத் துறைகள் விரிந்தன. சாமிவேலு 2022இல் மறைந்தார். அவர் பெயரை நினைவூட்டத் தனிச் சிலை தேவையில்லை, வளாகமே போதும்.

எல்லா இனத்து மாணவர்களும் இங்கே படிக்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே வரிசையில் காத்திருப்பவர்களில் பழைய தோட்டத்துப் பாட்டிகளும் உண்டு. அவர்களுடைய நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் அந்த மாணவர்களின் முதல் பாடம்.

அடுத்த கட்டத்துக்கான வேலையும் அந்தத் தோட்டக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடம் பெயர்ந்து தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழ்கின்றன. தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணம் அவர்களுக்குப் பெரிய மலை. எனவே முன்னாள் மாணவர்களும் வணிகர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து, தேவைப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென நிலையான உதவிநிதியை வளர்க்க வேண்டும். நூறு வெள்ளிப் பங்கில் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.