தேநீர்ச்சாலையிலிருந்து தேம்ஸ் நதிக்கு: ஓர் அகராதிக்காரரின் படகுக் கழகம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் சென்றிருந்தபோது, நகரின் மேற்கே ஹமர்ஸ்மித் பகுதியில், தேம்ஸ் நதிக்கரையோரமாக ஒரு மாலைப்பொழுதில் நடந்துகொண்டிருந்தேன். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய பூங்கா இருந்தது. அதன் பெயர்ப்பலகையில் 'ஃபேர்னிவல் பூங்கா' என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடுத்துள்ள கரையோர வீதியில் அதே பெயரைத் தாங்கிய படகுக் கழகம் ஒன்றும் இருந்தது. இளைஞரும் யுவதிகளுமாகச் சிலர் நீண்ட படகொன்றைத் தோளில் சுமந்து நீருக்கு இறக்கிக்கொண்டிருந்தனர்.

ஃபேர்னிவல் என்ற பெயர் எனக்குப் புதியதன்று. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்த நாட்களில், ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் வரலாற்றோடு சேர்த்து அறிந்த பெயர் அது. பழஞ்சுவடிகளிலும் சொற்களிலும் மூழ்கியிருந்த ஓர் அறிஞரின் பெயர் படகுக் கழகத்தின் வாசலில் ஏன் நிற்கிறது என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. விடையைத் தேடிச் சென்றபோது, விளையாட்டின் வரலாறாகத் தோன்றிய கதை, யார் கரையில் நிற்க வேண்டும், யார் நதிக்குள் இறங்கலாம் என்ற வழக்கின் வரலாறாக விரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேம்ஸ் நதியில் படகு வலிப்பது பெரும்பாலும் ஒரு பிழைப்பு. பாலங்கள் குறைவாக இருந்த காலத்தில் மக்களையும் பொருட்களையும் ஏற்றி இறக்கிய படகோட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கனவான்கள் அவர்களிடமே கலையைக் கற்றனர். பின்னர் அதைத் தமது விளையாட்டாக்கிக் கொண்டனர். 1839ஆம் ஆண்டு ஹென்லி நகரில் தொடங்கிய படகுப் போட்டி உயர்குடியினரின் கோடைகாலத் திருவிழாவாக வளர்ந்தது.

விளையாட்டு வளர்ந்ததும் வேலி வந்தது. அந்த வேலியின் பெயர் 'அமெச்சூர்'. பணத்துக்காக விளையாடாதவர் என்பதே அச்சொல்லுக்கு நாம் இன்று கொள்ளும் பொருள். ஆனால் 1879இல் ஹென்லிப் போட்டியை நடத்தியோர் வகுத்த விதி வேறு வகையானது. பந்தயப் பணத்துக்காகப் படகு வலித்தவர் மாத்திரமன்றி, கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், உடலுழைப்பாளி ஆகியோரும் அமெச்சூர் ஆகார் என்றது அது. 1882இல் உருவான அமெச்சூர் படகோட்டச் சங்கமும் அவ்வழியையே பின்பற்றியது. தச்சர் ஒருவர் படகு வலித்து ஒரு சதமேனும் சம்பாதிக்காதவராக இருக்கலாம். தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து ஞாயிறுதோறும் நதிக்கு வருபவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் அமெச்சூர் அல்லர். ஏனெனில் அவர் தச்சர். உடலுழைப்பால் வலுப்பெற்ற உடம்பு போட்டியில் நியாயமற்ற அனுகூலம் தரும் என்று காரணம் கூறப்பட்டது. உண்மையான காரணம், ஒரே கோட்டில் படகை நிறுத்த விரும்பாமையே என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தவர்கள் இருந்தனர். அவர்களுள் முன்னணியில் நின்றவர் ஃபிரெடெரிக் ஜேம்ஸ் ஃபேர்னிவல்.

1825ஆம் ஆண்டு சரே மாவட்டத்தின் எகம் என்ற ஊரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தவர் அவர். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். சட்டத்தரணியாகத் தகுதி பெற்றும் அத்தொழிலில் மனம் செல்லவில்லை. அவருடைய வாழ்வு இரண்டு காதல்களுக்கிடையே கழிந்தது. ஒன்று பழைய ஆங்கில நூல்கள். மற்றையது படகு.

1854இல் கிறிஸ்தவ சமவுடைமையாளர்கள் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றைத் தொடங்கினர். ஃபிரெடெரிக் டெனிசன் மொரிஸ் அதன் தலைவர். ஜோன் ரஸ்கின் அங்கே சித்திரம் கற்பித்தார். ஃபேர்னிவல் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். ஆயினும் வகுப்பறையோடு அவருடைய பணி முடியவில்லை. மாணவர்களைத் தம் இல்லத்துக்குத் தேநீர் அருந்த அழைத்தார். நடனங்களை ஒழுங்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை நாட்டுப்புறங்களுக்கும் நதிக்கும் அழைத்துச் சென்றார். சமயகுருவான மொரிசுக்கு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணங்கள் ஒவ்வவில்லை. இருவருக்குமிடையே மனத்தாங்கல் மூண்டது. வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாவது நாளில்தான் நதியைப் பார்க்க முடியும் என்பது ஃபேர்னிவலின் வாதம்.

அவருடைய இலக்கியப் பணியும் இதே குணம் உடையது. 1857இல் மொழிநூற் சங்கம், அதுவரை அகராதிகளில் ஏறாத சொற்களைத் திரட்ட ஒரு குழுவை அமைத்தபோது அதன் மூவருள் ஒருவராக இருந்தார். பின்னாளில் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியாக மலர்ந்த முயற்சியின் தொடக்கம் அதுவே. முதற் பதிப்பாசிரியர் ஹேர்பட் கோல்ரிட்ஜ் 1861இல் இளவயதில் மறைய, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. ஒழுங்கு அவருக்குக் கைவந்த கலையன்று. சொற்குறிப்புச் சீட்டுகள் சாக்குகளில் தேங்கின. 1879இல் ஜேம்ஸ் மரே பொறுப்பேற்ற பின்னரே வேலை நெறிப்பட்டது. ஆனால் அந்த அகராதியின் அடித்தளமான ஏற்பாட்டை வளர்த்தவர்களுள் ஃபேர்னிவல் முக்கியமானவர். வாசிக்கத் தெரிந்த எவரும், எங்கிருந்தும், ஒரு சொல் பயின்று வரும் வாக்கியத்தை எழுதி அனுப்பலாம் என்பதே அந்த ஏற்பாடு. பட்டம் கேட்கப்படவில்லை. குலம் கேட்கப்படவில்லை.

1864இல் பழைய ஆங்கிலச் சுவடிகளை அச்சேற்ற ஒரு சங்கத்தை நிறுவினார். சோசர், ஷேக்ஸ்பியர், பிரௌனிங், ஷெல்லி ஆகியோர் பெயரால் மேலும் பல சங்கங்களைத் தொடங்கினார். நம்மவரான சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அதே காலத்தில், ஆங்கிலத்தில் அப்பணியைச் சந்தாதாரர்களின் கூட்டு முயற்சியாக நடத்தியவர் இவர் எனலாம்.

அகராதியின் முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கி 'எறும்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்வரை சென்ற அப்பகுதியில் 'அமெச்சூர்' என்ற சொல்லும் அடங்கும். இலத்தீனில் 'நேசித்தல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. ஒன்றை அதன் பொருட்டே நேசிப்பவன் என்பது அதன் மூலக் கருத்து. சொற்களின் வரலாற்றைத் தேடுவதில் ஆயுளைச் செலவிட்ட ஒருவருக்கு, அச்சொல்லைக் கொண்டே தச்சனையும் கொல்லனையும் நதியிலிருந்து விலக்கியது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1890இல் அவரும் நண்பர்களும் தேசிய அமெச்சூர் படகோட்டச் சங்கம் என்ற மாற்று அமைப்பை உருவாக்கினர். பணத்துக்காகப் படகு வலிக்காத எவரும், செய்யும் தொழில் எதுவாயினும், அதில் அமெச்சூராகவே கொள்ளப்பட்டனர்.

அப்போது அவருக்கு வயது 65. பெரும்பாலோர் ஓய்வை நாடும் பருவம். அவரோ இன்னொரு வேலியைக் கண்டார். தொழிலாளருக்கு வாசல் திறந்தாலும் பெண்களுக்கு அது திறக்கவில்லை.

பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்தில் வேலை செய்த அவர், அருகே நியூ ஒக்ஸ்ஃபோர்ட் வீதியில் இருந்த தேநீர்ச்சாலைக்கு வழமையாகச் செல்வார். அங்கே பேராசிரியரும் மாணவரும் அவருடைய மேசையைச் சூழ்ந்திருப்பர். தேநீர் பரிமாறிய இளம் பெண்களோடும் அவர் அதே சரளத்துடன் பேசினார். இலண்டன் கடைகளில் வேலை செய்த பெண்கள் அக்காலத்தில் நாள் முழுவதும் நின்றபடியே உழைத்தனர். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் வைக்கவேண்டும் எனக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த 1899இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால் நிலைமையை உணர்ந்துகொள்ளலாம். இவர்களுக்குக் காற்றும் வெயிலும் நதியும் வேண்டும் என்று ஃபேர்னிவல் எண்ணினார்.

1896இல் ஹமர்ஸ்மித்தில் பெண்களுக்கான படகுக் கழகத்தைத் தொடங்கினார். ஒருவரே இரு கைகளாலும் இரண்டு துடுப்புகளைப் பிடித்து வலிக்கும் முறையை அங்கே கற்றனர். அப்போது அவருக்கு வயது 71. பெண்கள் படகு வலிப்பது நாகரிகக் குறைவு, அவர்களுடைய உடம்புக்கு ஆகாது என்ற கருத்து மேலோங்கியிருந்த காலம் அது. 1901இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பொதுவாக ஆண்கள் கழகத்தில் பெண்களுக்கு இடம் கேட்கப்படும். இங்கே பெண்கள் கழகத்தில் ஆண்கள் இடம் பெற்றனர்.

ஞாயிறுதோறும் படகுகள் புறப்படும். றிச்மண்ட் வரை சென்று திரும்ப ஏறக்குறைய 14 மைல். வழியில் கரையிறங்கி ஒன்றாக உணவருந்துவர். மாலையில் கழகத்துக்குத் திரும்பித் தேநீர், பாட்டு, ஆட்டம். வெண்தாடியுடன் கிழவர் தாமும் துடுப்புப் பிடிப்பார். எண்பது வயதைத் தாண்டியும் இந்த வழக்கம் நிற்கவில்லை. நூலகத்திலே சோசரைப் பதிப்பித்த அறிஞரும், கடையிலே தட்டு ஏந்திய பெண்ணும் ஒரே படகில் ஒரே தாளத்துக்கு வலித்தனர். பாடத்திட்டமோ பரீட்சையோ இல்லாத கல்வி அது. படகிலே ஒருவர் தாளம் தவறினால் எல்லோரும் தடுமாறுவர். அந்த ஒழுக்கத்தை வகுப்பறையில் கற்பிப்பது எளிதன்று.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. கடுஞ்சொல்லர். கவிஞர் சுவின்பேர்னோடு அவர் நடத்திய எழுத்துச் சண்டை இருவருக்கும் பெருமை சேர்க்கவில்லை. 1883இல் மனைவியைப் பிரிந்தார். இளம் பெண்களோடு அவர் பழகியதைக் கேலி செய்தவர்களும் ஐயுற்றவர்களும் இருந்தனர். கழகத்தின் தலைவாசலைத் திறந்தவர் ஒரு கனவான்தான் என்பதையும், அவர் விருப்பப்படியே அது நடந்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும் 1910 யூலை 2ஆம் நாள் அவர் மறைந்த பின், மறுவருடம் வெளிவந்த நினைவு நூலில் பெரும் புலவர்களின் கட்டுரைகளோடு ஒரு தேநீர்ச்சாலைப் பணிப்பெண்ணின் நினைவுகளும் இடம்பெற்றன. அந்நாளைய அறிஞர் எவருக்கும் அப்படியோர் அஞ்சலி கிடைத்ததாக நான் படித்ததில்லை.

அவர் எதிர்த்த விதி அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 1920இல் அமெரிக்காவின் ஜோன் கெலி ஹென்லியில் போட்டியிட விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டார். அவருடைய கழகத்துக்கு ஏற்கெனவே தடை இருந்தது. அவர் மேசன் தொழில் செய்தவர் என்பதும் காரணமாகப் பேசப்பட்டது. அவ்வாண்டே அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். நடிகை கிரேஸ் கெலியின் தந்தை இவரே. 1947இல் அவருடைய மகன் அதே ஹென்லியில் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார். 1936இல் பேர்லின் ஒலிம்பிக்குக்கு வந்த அவுஸ்திரேலியக் குழுவினர் பொலிஸ்காரர் என்பதால் ஹென்லியில் அனுமதி மறுக்கப்பட்டனர். அந்த அவமானத்தின் பின்னரே, 1937இல் உடலுழைப்பாளரை விலக்கிய வாசகம் நீக்கப்பட்டது. இரு சங்கங்களும் 1956இல் ஒன்றாயின. ஒலிம்பிக்கில் பெண்கள் படகோட்டம் இடம்பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹமர்ஸ்மித் பெண்கள் நதியில் இறங்கிச் சரியாக 80 ஆண்டுகளின் பின்!

இந்த வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் படகுக் கழகத்தையும் கொண்டு சென்றனர். கொழும்பு பேரை வாவிக்கரைக் கழகம் 1864இலும், சென்னை அடையாற்றங்கரைக் கழகம் 1867இலும் தோன்றின. இரண்டுக்குமிடையிலான போட்டி 1898இல் ஆரம்பமாயிற்று. வள்ளம் வலித்தே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கரையோர மக்கள் நிறைந்த நாடுகளில்தான் இவை எழுந்தன.

உழைப்பவனின் கை தீட்டு என்று கருதும் மனப்பாங்கையும் நாம் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள் சமமாக அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்துவதற்கே 1960களில் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை என் தலைமுறையினரின் வீடுகளில் தாழ்ந்த குரலிலேயே பேசினர். இலண்டன் தேநீர்ச்சாலையையும் நம் ஊர்த் தேநீர்க்கடையையும் ஒப்பிடுவது முற்றிலும் பொருந்தாது. ஆனால் வாசலில் நிற்பவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று மாலை பூங்கா வாங்கில் அமர்ந்து, நதியில் இறங்கிய படகு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றவில்லை. அவர்கள் என்ன தொழில் செய்பவர்கள் என்றும் தெரியவில்லை. அது தெரியத் தேவையில்லை என்ற நிலைமையை உண்டாக்கத்தான் அந்தக் கிழவர் அவ்வளவு தூரம் துடுப்பு வலித்திருக்கிறார்.