மூடிய பள்ளி எங்கே போனது?

'சவுண்ட் த பேம்பூ' என்பது ஆசியக் கிறிஸ்தவ மாநாடு வெளியிட்ட பாடல் தொகுப்பு. 1990இல் முதல் வடிவமும் 2000இல் விரிந்த பதிப்பும் வந்தன. ஆசியத் திருச்சபைகள் தத்தம் மெட்டில் பாடும் பாடல்களை, அந்த மெட்டின் நெளிவு சுளிவு கெடாமல் அச்சில் ஏற்ற முயன்ற நூல் அது. பதிப்பாசிரியர் தைவான்காரரான ஐ-டோ லோ. அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: 1966இல் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் திருச்சபை இசையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

யூனியன் என்றால் இறையியல் படித்தவர்களுக்கு ரெய்னோல்ட் நீபர் நினைவுக்கு வருவார். 1930–31இல் அங்கே வந்து படித்த போன்ஹோஃபர் நினைவுக்கு வருவார். ஆர்கனும் பாடகர் குழுவும் யாருக்கும் நினைவுக்கு வராது. இன்றைய யூனியனின் பட்டப்படிப்புகளைப் பார்த்தேன். திருச்சபை இசைக்கு அங்கே பட்டமே இல்லை. ஒரு கல்லூரி கொடுத்த பட்டம் அந்தக் கல்லூரியிலேயே இல்லாமல் போனால் அது எங்கே போயிற்று என்று தேடத்தானே வேண்டும்?

ஐ-டோ லோவை விட்டுவிட்டு அதே பட்டம் பெற்ற மற்றவர்களைத் தேடினேன். அமெரிக்க ஆர்கன் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகள், இரங்கல் செய்திகள், கச்சேரி நிரல்கள் என்று பார்க்கப் பார்க்க யூனியன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பட்டம் வாங்கிய ஆண்டுகளை வரிசைப்படுத்தியபோது ஒரு விஷயம் தெளிந்தது. வரிசை 1920களின் கடைசியில் தொடங்குகிறது, 1970களின் தொடக்கத்தில் அறுந்துவிடுகிறது. யூனியனுக்குள் 1928இல் தொடங்கி 1973 வரை 'ஸ்கூல் ஆஃப் சேக்ரட் மியூசிக்' என்று ஒரு பள்ளி இருந்திருக்கிறது. ஹென்றி ஸ்லோன் காஃபின் கல்லூரித் தலைவராக இருந்த காலத்தில் பிறந்த பள்ளி. முதுகலை மட்டுமல்ல, திருச்சபை இசையில் முனைவர் பட்டமும் கொடுத்த பள்ளி. மாணவர்கள் ஆர்கன், பாடகர் குழு நடத்துதல், இசையமைப்பு படித்தார்கள். கூடவே வழிபாட்டு வரலாறும் இறையியலும் படித்தார்கள். நகரத்துச் சபைகளில் போய்ப் பாடகர் குழுக்களைப் பழக்கினார்கள்.

நிறுவியவர் என்று பெரும்பாலான குறிப்புகள் சொல்வது கிளாரன்ஸ் டிக்கின்சனை. 1873இல் பிறந்தவர். 1896இல் அமெரிக்க ஆர்கன் கலைஞர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நியூயார்க் பிரிக் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் 1909 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவர். 1969இல், தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். இவ்வளவும் எளிதில் கிடைக்கும். கூடவே, மனைவி ஹெலனும் உதவினார் என்று அரை வரி இருக்கும்.

அந்த அரை வரிதான் எனக்கு உறுத்தியது. நூலக அட்டவணைகளில் ஹெலன் டிக்கின்சன் பெயரைத் தேடினேன். 1914இல் ஜெர்மானிய ஓவியர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இருக்கிறது. 1917இல் இசை வரலாறு பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் இருக்கிறது. 1926இல், அதாவது பள்ளி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, வழிபாட்டுக்கான வாசகங்களைத் தேர்ந்தெடுத்து அவர் தொகுத்த நூலும் இருக்கிறது. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெண் அவர். அக்காலத்தில் அது எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? ஓவியம், இசை, வழிபாடு: இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர் அந்த வீட்டில் ஹெலன்தான். கிளாரன்ஸ் பெரிய கலைஞர், ஐயமில்லை. ஆனால் ஆர்கன் கற்றுக்கொடுக்க அமெரிக்காவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஓர் இறையியல் கல்லூரிக்குள், குருத்துவ மாணவர்களுக்குப் பக்கத்தில், கலைகளை வழிபாட்டின் பகுதியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கும் எண்ணத்தில் ஹெலனின் கை பெரிது என்பது என் முடிவு. பள்ளியை நிறுவியவர்கள் என்று இருவர் பெயரையும் சமமாக எழுதுவதுதான் நியாயம்.

பிறகு ஏன் மூடினார்கள்? இதற்கான விடை நீளமில்லை. 1960களின் கடைசி ஆண்டுகள் யூனியனை உலுக்கின. பக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1968இல் மாணவர் கிளர்ச்சி. 1969 மே மாதம், சாலைக்கு எதிரே இருந்த ரிவர்சைடு ஆலயத்தில் ஆராதனையை நிறுத்தி, கறுப்பினத்தவர் உரிமைப் போராளி ஜேம்ஸ் ஃபோர்மன், திருச்சபைகளிடம் இழப்பீடு கேட்கும் 'கறுப்பினத்தவர் அறிக்கை'யை வாசித்தார். அதையொட்டி யூனியனுக்குள்ளும் மாணவர் போராட்டம் நடந்தது. அதோடு பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ஆசிரியர் உட்கார வேண்டிய படிப்பு இசை, செலவு பிடிக்கும். 1973இல் பள்ளிக்கு மூடுவிழா.

பள்ளி போனாலும் ஆசிரியர்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? அடுத்த துப்பு அங்கேதான் கிடைத்தது. கடைசித் தலைவர் ராபர்ட் பேக்கர் அதே யூனியனில் படித்து முனைவர் பட்டம் பெற்ற ஆர்கன் கலைஞர். 1961இல் பொறுப்பேற்றவர், ஐ-டோ லோ பட்டம் வாங்கியபோது அவர்தான் தலைவர். 1973இல் அவர் பெயர் கனெக்டிகட் மாநிலத்தின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இசை வரலாற்று ஆசிரியர் ரிச்சர்ட் ஃபிரெஞ்ச், வழிபாட்டியல் ஆசிரியர் ஜெஃப்ரி ரவுத்தார்ன், அலுவலகத்தைக் கவனித்த மைனா பெல் பேக்கர் ஆகியோர் பெயர்களும் அங்கேயே. ஒரு பள்ளியின் உயிர்நாடியான நால்வர் ஒரே ஆண்டில் ஒரே இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். அங்கே உருவான நிறுவனத்தின் பெயர் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் சேக்ரட் மியூசிக்'.

நால்வரை ஒரு பல்கலைக்கழகம் சும்மா அழைத்து வைத்துக்கொள்ளாது. பணம் யாருடையது? கொடை தந்தது இர்வின் ஸ்வீனி மில்லர் அறக்கட்டளை. இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை அது. கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனம் அப்போது அவர்கள் கையில் இருந்தது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் திருமண மண்டபங்களிலும் ஓடும் ஜெனரேட்டர்களில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 1962இலேயே புனேவில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள். நிறுவனத் தலைவர் இர்வின் மில்லர் யேலில் படித்தவர், அமெரிக்கத் தேசியத் திருச்சபை மன்றத்துக்குத் தலைவரான, குருவானவர் அல்லாத முதல் நபர். கொலம்பஸ் ஊரில் அவர்கள் ஆலயங்களைப் பார்த்தாலே குடும்பத்தின் மனம் புரியும். 1942இல் எலியல் சாரினன் வடிவமைத்த ஆலயம் ஒன்று, 1964இல் அவர் மகன் ஈரோ சாரினன் வடிவமைத்த ஆலயம் மற்றொன்று. கட்டடக்கலையையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்.

ஆனாலும் எஞ்சின் வியாபாரிக்கும் மூடப்போகும் இசைப்பள்ளிக்கும் என்ன தொடர்பு? விடை அவருடைய அக்காவின் பெயரில் இருக்கிறது: கிளமெண்டைன் மில்லர் டேஞ்சமன். யூனியன் ஆசிரியர் பட்டியலில் ராபர்ட் டேஞ்சமன் என்ற இசையியல் பேராசிரியர் இருக்கிறார். 1964இல் காலமானவர். கிளமெண்டைன் அவருடைய மனைவி. கணவர் பாடம் சொன்ன பள்ளி அழியக் கூடாது என்று ஒரு பெண் நினைத்தார், தம்பியும் கைகொடுத்தார். இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி பொங்கியது. பள்ளியைத் தொடங்கிய கதையிலும் காப்பாற்றிய கதையிலும் ஒரு பெண்ணின் பெயரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

யேலில் அந்த நிறுவனம் வளர்ந்தது. மாணவர்கள் இசைப் பள்ளி வழியாகவோ இறையியல் பள்ளி வழியாகவோ சேர்ந்து பட்டம் பெறுகிறார்கள். இசையோடு வழிபாட்டியல், ஓவியம், இலக்கியம் எல்லாம் உண்டு. குருவானவர் ஆகப் போகிறவரும் பாடகரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, மார்க்வாண்ட் சிற்றாலயத்தில் வழிபாட்டைச் சேர்ந்து அமைக்கிறார்கள். ஹெலன் டிக்கின்சன் இருந்திருந்தால் தம் வீடு என்றே நினைத்திருப்பார்.

ஆனால் கிளாரன்ஸ் டிக்கின்சனின் நூல்களும் இசைத்தாள்களும் யேலுக்கும் போகவில்லை, நியூயார்க்கிலும் தங்கவில்லை. அவை மிசிசிப்பி மாநிலம் ஹாட்டிஸ்பர்க்கில் வில்லியம் கேரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆம், 1818இல் செராம்பூர்க் கல்லூரியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே கேரியின் பெயர். 

இனி ஆசியாவுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் இசையமைப்பாளர் பிரான்சிஸ்கோ ஃபெலிசியானோ யேல் இசைப் பள்ளியில் படித்தவர். 1980இல் மணிலா அருகே வழிபாட்டுக்கும் இசைக்குமான ஆசியப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1982 முதல் அங்கே ஆசிரியராக இருந்தவர் ஐ-டோ லோ. அங்கிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேர்த்து உருவானதுதான் நான் கையில் எடுத்த தொகுப்பு. அதற்கு முன்னோடி 1963இல் வந்த கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பாடல் நூல். அதன் பதிப்பாசிரியர் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் பிறந்த தமிழர் டி. டி. நைல்ஸ். தாமே 40க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியோ மொழிபெயர்த்தோ சேர்த்தார். ஆசிய மெட்டுகள் பல அதில் மேற்கத்திய நாற்குரல் அமைப்புக்குள் அடைக்கப்பட்டன. அந்தக் கட்டை அவிழ்த்ததுதான் ஐ-டோ லோவின் சாதனை. அதை அவர் செய்ய முடிந்ததற்கு, மேற்கத்திய இசையின் இலக்கணத்தை யூனியனில் கரைத்துக் குடித்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கில் மூடிய பள்ளியின் கதையை என்னால் கோக்க முடிந்தது, அங்கே காகிதம் இருந்ததால். பாடத்திட்டம், ஆசிரியர் பட்டியல், கொடை விவரம் எல்லாவற்றையும் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். இதையே தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தொடர்பியல் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்', பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். தலித் மக்களின் இசையை இறையியலாகவே கற்பித்தவர். 2005இல் காலமானார். அவரைப் பற்றிய விரிவான நூலை 2014இல் எழுதியவர் அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன். அப்பாவுவின் பாடல்கள் கேசட்டுகளிலும் சுழல்அச்சுத் தாள்களிலும் பரவியவை. காந்த நாடா நாளுக்கு நாள் கெடும்.

அரசரடியில் படித்த ஆயர்களே, அவர்கள் குடும்பத்தாரே, உங்கள் பரணில் அந்தக் காலத்துக் கேசட்டோ வழிபாட்டு முறைத் தாளோ வகுப்புக் குறிப்போ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதியும் இடமும் எழுதி, அரசரடிக் கல்லூரி நூலகத்திலோ பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலோ இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள்.