கேட்டவன் பெயர்

சென்ற மாதம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தபோது ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும்; அது தன்னை ஏன் பாதிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஒருவர் மதுரை மணி ஐயரின் கல்பனா ஸ்வரத்தைப் பற்றி அருமையாகவே பேசினார். இன்னொருவர் பீத்தோவனின் கடைசிக் காலத்து நால்வர் இசையைச் சொன்னார். என் முறை வந்தபோது மனசில் வந்த பாட்டு ஒன்று, வாயில் வந்த பெயர் வேறொன்று. மரியாதையான ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்துக் கொண்டேன். யாரும் சந்தேகிக்கவில்லை. அந்தப் பொய்யைத் திருத்துவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையில் என் மனசில் வந்தது 'படகோட்டி' படத்தில் சௌந்தரராஜன் பாடிய, மீனவர் பாடு பற்றிய பாட்டு. அதைச் சொல்ல ஏன் கூசினேன் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ரசனை என்பது தனிமனிதனின் அந்தரங்கம் என்று நாம் எழுதி வருகிறோம். அந்தரங்கமான ஒன்றைச் சொல்ல எட்டுப் பேருக்கு நடுவில் கூச்சம் வருகிறது என்றால், அது முழுக்க அந்தரங்கமானது இல்லை என்றுதானே அர்த்தம்? நம்மிடம் பாடியவர்களின் சரித்திரம் இருக்கிறது. மெட்டமைத்தவர்களின் சரித்திரமும் ஓரளவு இருக்கிறது. கேட்டவனுடைய சரித்திரம் இல்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், எங்கள் பக்கத்துக் கேட்டவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ராயபுரம் ராபின்சன் பூங்கா என்றால் எல்லோருக்கும் 1949 செப்டம்பர் 17ம் மழையில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். அதற்கு இருபது வருஷம் முன்னால் அங்கே நடந்த வேறொன்றை யாரும் சொல்வதில்லை. 1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் ஏற்பட்ட மதராஸ் ரேடியோ சங்கம் பணமில்லாமல் மூடிக்கொண்டபின், அதன் ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சி வாங்கி 1930ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பெட்டி வாங்க வக்கில்லாத ஜனங்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். ராபின்சன் பூங்காவிலும் ஒன்று. துறைமுகத்திலிருந்தும் ரயில் பட்டறையிலிருந்தும் வேலை முடிந்து வந்தவன் புல்தரையில் உட்கார்ந்து, மாநகராட்சி எதைக் கேட்கச் சொன்னதோ அதைக் கேட்டான். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. மருந்துத் தண்ணீர் மாதிரி சங்கீதம் ஊற்றப்பட்டது. 1938ல் அகில இந்திய வானொலியின் மதராஸ் நிலையம் வந்தபிறகும் இந்த மனோபாவம் மாறவில்லை. ஸ்ருதி சுத்தமில்லை என்று 1940ல் ஹார்மோனியத்தையே விலக்கி வைத்த ஸ்தாபனம் அது. 1971 வரை அந்த விலக்கு தளரவில்லை. 1952ல் மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்று தீர்மானித்து அதைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஜனங்களின் ரசனையை உயர்த்த வேண்டும் என்று நாமும்தானே எழுதுகிறோம்.

ஜனங்கள் உயரவில்லை. முள்ளைத் திருப்பிக் கொண்டார்கள்.

இரண்டாவது யுத்தத்தின்போது தென்கிழக்கு ஆசியாவில் சண்டை போட்ட நேசநாட்டுச் சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் ஏக்கலையில் சக்தி வாய்ந்த சிற்றலைக் கருவி ஒன்றை நிறுவியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கி, இந்தியா முழுவதையும் சந்தையாகக் கொண்டது. நம்முடைய வானொலி விரட்டிவிட்ட பாட்டெல்லாம் சோப்பு, பற்பசை விளம்பரங்களோடு அங்கிருந்து திரும்பி வந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்ததே இந்தத் தோல்வியை ஒப்புக் கொண்டதுதான்.

என் நைனா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினவர். அவர் சிறுவனாக இருந்த அறுபதுகளில் தெருமுனை டீக்கடையில் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். வீட்டில் பெட்டி வைத்துக் கொண்டால் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டிய காலம். அதனால் தெருவுக்கே அந்த ஒரு பெட்டிதான். 'நம்ம ஏரியாவுலதான்டா சிலோன் சுத்தமா கேக்கும், தண்ணி மேல நேரா வருது' என்பார். சிற்றலை ஆகாயத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது, கடலுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து அவரிடம் வாதாடியிருக்கிறேன். 'நீ படிச்சவன், உனுக்கு அப்டித்தான் கேக்கும்' என்று முடித்து விட்டார். கொழும்புக்கும் மதராஸுக்கும் சுமார் 700 கிலோமீட்டர். ஆனால் மதராஸ் நிலையத்தை விடக் கொழும்பு பக்கத்தில் இருப்பதாக அவர்கள் நினைத்ததற்குக் காரணம் அலைநீளம் இல்லை. நேயர் விருப்பம்.

தபால் அட்டையில் பாட்டின் பெயரையும் நம் பெயரையும் எழுதிப் போட்டால், மயில்வாகனனைப் போன்ற ஒருவர் அந்தப் பெயரை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். பாட்டை விடப் பெயரைத்தான் உன்னிப்பாகக் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கத்தின் ஏடுகளில் ரேஷன் கார்டிலும் மஸ்டர் ரோலிலும் மட்டுமே இருந்த பெயர்கள் ஆகாயத்தில் சொல்லப்பட்டன. ராயபுரம் இன்னார், திருவொற்றியூர் இன்னார், அவர் மனைவி, மச்சான், குழந்தைகள். நைனா இரண்டு முறை அட்டை போட்டாராம். பெயர் வரவில்லை. வராவிட்டாலும் அன்று யார் யாரோடு சேர்ந்து அந்தப் பாட்டைக் கேட்டோம் என்பது வராத பெயரோடு சேர்ந்து அவருக்கு ஞாபகமிருந்தது.

'படகோட்டி' 1964 தீபாவளிச் சமயத்துப் படம். அதன் பாட்டைக் காசிமேட்டில் மீனவர்கள் தங்கள் பாட்டு என்றே எடுத்துக் கொண்டார்கள். விமர்சகன் கண்ணோடு பார்த்தால் இது வேடிக்கையான விஷயம். எழுதிய வாலி ஸ்ரீரங்கத்துக்காரர்; அவர் பார்த்த தண்ணீர் காவேரி. மெட்டமைத்தவர்களில் விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம், ராமமூர்த்தி திருச்சி. பாடிய சௌந்தரராஜன் மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். திரையில் வாயசைத்தவர் கண்டிப் பக்கத்து மலைநாட்டில் நாவலப்பிட்டியில் பிறந்தவர். கடலோடு பிறந்தவன் ஒருவன்கூட அதில் இல்லை. 'அனுபவத்தின் நேர்மை' என்ற அளவுகோலை நாம் கவிதைக்கு வைப்பது போல இதற்கு வைத்தால் அந்தப் பாட்டு நிற்காது. ஆனால் நின்றது. வலையை உலர்த்திக் கொண்டு அதைக் கேட்டவர்கள் அதில் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாத பாமரர்களா? கடலைப் பற்றி அவர்களுக்கு வாலி சொல்லித் தர வேண்டியது எதுவுமில்லை. போகிறவன் திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற விஷயத்தை, ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் வெட்டுவது போல உச்சரிக்கிற அந்தக் கனத்த குரல், ஊருக்கே கேட்கும்படி சொன்னது. தன் வீட்டுக்குள்ளேயே சொல்லி அலுத்துப் போன ஒன்றை வெளியூர்க்காரன் பெரிய குரலில் சொல்லும்போது கிடைக்கிற நியாயம் வேறு. பி.ஏ.யில் எலியட்டைப் படித்து உணர்ச்சிக்கு ஈடான புறப்பொருள் என்று மனப்பாடம் செய்தவனுக்கு இது புரிய இருபது வருஷம் ஆயிற்று. ஈடு பாட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. கேட்பவனும் பாதி கொண்டு வருகிறான்.

பிறகு கேசட். துறைமுகத்து மதில் ஓரமாக, பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பியவர்களுக்கென்று அறுபதுகளின் கடைசியில் ஏற்பட்ட பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டர்கள் வந்து இறங்கின. எண்பதுகளில் தெருவுக்குத் தெரு ரிக்கார்டிங் சென்டர். 1984ல் காப்புரிமைச் சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கியும் அவை பாட்டுக்கு நடந்தன. நோட்டுப் புத்தகத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் அறுபது நிமிஷக் கேசட்டில் கிடைக்கும். நைனாவின் பட்டியல் இன்னும் அந்தக் கேசட் டப்பாவுக்குள் மடித்து இருக்கிறது. பக்கத்துக்கு ஆறு. நான்காவது பாட்டுக்கு எதிரே 'கட்டாயம்' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். அது எது என்று சொல்லத் தேவையில்லை. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு நாடா தீர்ந்து பாதியில் அறுந்துவிடும். அந்தப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் உண்டு என்பதே எனக்குக் காலேஜில்தான் தெரியும். இப்போதும் முழுசாகக் கேட்டால் ஏதோ அதிகமாக ஒட்டவைத்தது போல இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் கரையில் பாட்டு சினிமாவோடு பிறக்கவில்லை. சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்த சுந்தரர் பாடிய இடம் திருவொற்றியூர். வீணை குப்பையர் அழைத்து தியாகராஜர் அங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். ஏழுகிணற்றிலிருந்து ராமலிங்கர் நடந்தே போய் வடிவுடை மாணிக்க மாலை பாடினார். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் தங்கி 1838ல் மறைந்த மஸ்தான் சாகிப், மனோன்மணியைக் காதலியாக வைத்துப் பாடிய முஸ்லிம் ஞானி. அவர் மேல் நான்மணிமாலை பாடியவர் திருத்தணி சரவணப்பெருமாள் ஐயர். இன்றும் கானா பாடுகிறவர்கள் சிலர் தங்கள் பாட்டுக்கு மூலம் மஸ்தான்தான் என்று சொல்வதுண்டு. இதை நிரூபிக்கப்பட்ட சரித்திரமாக நான் எடுத்துக் கொள்ளவில்லை. ஒரு பாரம்பரியம் யாரைத் தன் தகப்பன் என்று சொல்லிக் கொள்ள விரும்புகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது முத்திரை. தியாகராஜர் கீர்த்தனைக் கடைசியில் தன் பெயரை வைத்தார். மஸ்தான் குணங்குடியான் என்று வைத்தார். பாடியவன் பெயர் உண்டு, பாடப்பட்ட தெய்வத்தின் பெயர் உண்டு. கேட்டவன் பெயர் கிடையாது.

சாவு வீட்டுக் கானாவில் இது தலைகீழாகிறது. 2014ல் நைனா இறந்த ராத்திரி, நான் வேண்டாம் என்று சொல்லியும் தெருப் பையன்கள் கானா கச்சேரி ஏற்பாடு செய்துவிட்டார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. பாங்கு நண்பர்கள் வந்திருந்தார்கள். டேப்பும் டோலக்குமாக வந்து உட்கார்ந்தவர்களில் பாடுகிறவர் முதலில் என்னிடம் வந்து, 'நைனா பேர் இன்னா, இன்னா வேலை, எத்தினி பசங்க, பேரப் பசங்க பேரு சொல்லுப்பா' என்று கேட்டு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக் கொண்டார். பாங்கில் விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்வது மாதிரி வரிசையாகப் பதில் சொன்னேன். பதினோரு மணிக்கு மேல் அந்தப் பெயர்களெல்லாம் பாட்டில் வந்தன. விஞ்ச் வந்தது, எட்டாம் நம்பர் வீடு வந்தது, சின்ன வயதில் செத்துப்போன என் தங்கையின் பெயர் வந்தது. அதை நான் கொடுக்கவில்லை. அம்மா கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயர் வந்தபோதும் கூட்டத்தில் அந்தப் பெயருக்குரிய ஆள் நிமிர்ந்து பார்த்தது. மெட்டு தேவா போட்ட ஏதோ ஒரு பாட்டின் மெட்டு. நைனாவுக்குத் தேவாவைச் சுத்தமாகப் பிடிக்காது.

சங்கீதம் என்று பார்த்தால் அன்று கேட்டதில் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ருதி பல இடங்களில் விலகியது; எதுகைக்காக என் மாமாவின் ஊரையே மாற்றிவிட்டார்கள். சென்னையில் சினிமாவும் பிறகு சபாக்களும் மேடையேற்றிய கானாவோடு அதை ஒப்பிடவும் முடியாது. அங்கே பெயர்கள் பொதுப் பெயர்களாகிவிடுகின்றன. ஆனால் கொழும்பிலிருந்து இரண்டு தடவை வராத பெயர் அன்று வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கேசட்டை எடுத்து வருகிறேன். ஓட்டிக் கேட்க ஒரு பெட்டி உங்களில் யாரிடமாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். என் வீட்டில் இருந்தது பெல்ட் அறுந்து கிடக்கிறது.