மெதுவாகச் சுத்தின கசற்றும் டுபாய் மெற்றலும்

2025 ஜூலை 22, ஒஸி ஒஸ்போர்ன் செத்துப்போன செய்தி வரேக்க இங்கே இரவு வியாபாரம் முடியிற நேரம். நான் அடுத்த நாளுக்கு வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தன். கண்ணீர் வெங்காயத்தாலைதான், நம்புங்கோ. அதுக்கு 17 நாள் முதல்தான், ஜூலை 5 அன்று, சொந்த ஊரான பேர்மிங்காமில் கதிரையில் இருந்தபடியே கடைசியாகப் பாடினவர்.

உந்தக் காட்டுக்கத்தலை எப்பிடி அண்ணை கேக்கிறியள் எண்டு கனபேர் கேட்டிருக்கினம். இண்டைக்கு அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ரோனி அயோமி எண்ட பெடியன் பேர்மிங்காமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவன். 17 வயது. வேலையை விடப்போற கடைசி நாளில் இயந்திரத்துக்குள் கை அகப்பட்டு, வலக்கையில் நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனி போட்டுது. அவன் இடக்கை வாத்தியக்காரன், அதாவது தந்தியை அழுத்துற கையே அதுதான். இனிக் கிற்றார் இல்லை எண்டு எல்லாரும் சொன்னபோது, கோப்பை கழுவுற சோப்புத் தண்ணிப் போத்தலை உருக்கி விரலுக்கு ரெண்டு தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டினான். (எங்கட குசினியில் தினமும் எறியிற அதே சாதிப் போத்தல்!) விரல் நோகாமல் இருக்க மெல்லிய தந்தி போட்டான். பிறகு தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினான். 1971இல் வந்த மூன்றாவது அல்பத்தில் சுருதி ஒன்றரைக் கட்டை கீழே போட்டுது. தந்தி தளர்ந்தால் ஒலி தடிக்கும், பாரமாகும். டூம் மெற்றல் எண்டு பிறகு பேர் வைச்ச அந்த மந்தமான, பாரமான இசையின் வேர் இதுதான். முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13இல் வந்தது. பாடகர் ஒஸி அதுக்கு முதல் மாடு வெட்டுற இடத்தில் வேலை செய்த ஆள். இது பணக்காரப் பிள்ளையளின் விளையாட்டாகத் தொடங்கினது இல்லை எண்டு சொல்லத்தான் இவ்வளவும் எழுதினன்.

எனக்கு டூம் பிடிச்சதுக்குக் காரணம் வேறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்ட காலம். சுத்துறவனுக்குக் கை உளைஞ்சால் கசற் மெதுவாகும். பாடுறவரின் குரல் இறங்கி, தடிச்சு, கிணத்துக்குள்ளை இருந்து வாற மாதிரிக் கேக்கும். பெரியவை "டேய் சுத்தடா" எண்டு கத்துவினம். எனக்கு அந்த இறங்கின குரல்தான் விருப்பம், வேணுமெண்டே மெதுவாகச் சுத்தி ஏச்சு வாங்கியிருக்கிறன். கனவருசம் கழிச்சு டுபாயில் என்னோடை கோப்பை கழுவின பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் காதிலை பிளாக் சபத்தை வைச்சபோது, "இதை நான் கேட்டிருக்கிறனே" எண்டுதான் தோன்றினது.

2007 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. டெசேர்ட் றொக் விழாவுக்கு அயர்ன் மெய்டன் டுபாய்க்கு வந்தவை. (அடுத்த கிழமையே, 17ஆம் திகதி, பெங்களூரில் முதல் தடவையாக வாசிச்சவை.) அப்ப வெள்ளி எண்டால் ஊருக்கெல்லாம் லீவு, எங்களுக்கு இடுப்பு முறியிற நாள். ரிக்கற் விலையும் எனக்குக் கட்டுப்படியாகாதது. அவன் மட்டும் சுகமில்லை எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போனான். அடுத்த நாள் குரலே இல்லாமல் வந்ததால், முதலாளியும் சுகமில்லை எண்டதை நம்பிட்டார்!

2008இல் கோர்ன், மியூஸ் வந்தவை. 2009 மார்ச்சில் மோட்டர்ஹெட்டும் ஓபெத்தும். எங்களுக்கு அது எந்த மார்ச் எண்டு உங்களுக்குத் தெரியும். அந்த மாதம் நான் ஒரு பாட்டும் கேக்கேல்லை, தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். விழாவும் அந்த வருசத்தோடை நிண்டு போச்சு.

இந்த மண்ணிலேயே முளைச்ச குழுவும் இருக்கு. நேர்வ்செல் எண்டு பேர். 1999இல் டுபாயில் தொடங்கினவை, முதல் முழு அல்பம் 2008இல் வந்த 'பிறீச்சிங் வெனம்'. இசை டூம் இல்லை. வேகமான டெத் மெற்றல். எனக்கு 2011இல் வந்த 'சைக்கோஜெனொசைட்' தான் திறம், அதில் ஒரு பாட்டில் அரபு மொழியும் வருது. அடுத்தது 2017இல் வந்தது. வாசிப்பு இன்னும் இறுக்கம், ஆனால் எனக்கு ஒட்டேல்லை.

அவையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். டுபாய்க் குழு எண்டு உலகம் முழுக்க அறிமுகம், ஆனால் வேலைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளையள். இங்கே பிறந்து வளர்ந்தாலும் பிறந்ததால் குடியுரிமை வராது. வளைகுடாவின் ஆறு நாடும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரேல்லை. அகதி எண்ட சொல்லுக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. விசா இருந்தால் நீ இருப்பாய், முடிஞ்சால் போவாய். மேடையில் நிக்கிறவனுக்கும் கோப்பை கழுவுறவனுக்கும் அதில் வித்தியாசம் பெரிசா இல்லை. சவூதியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 2008இல் தொடங்கின அல்-நம்ரூத் எண்ட பிளாக் மெற்றல் குழுவினர் உயிருக்குப் பயந்து சொந்தப் பேரை வெளிவிடாமலே அல்பம் அல்பமாகப் போட்டவை. ஊத் வாத்தியமும் இரைச்சலும் கலந்து, கேக்க மயிர் கூச்செறியும்.

தமிழ் ஆக்கள் இல்லையோ எண்டு கேப்பியள். சிங்கப்பூரில் ருத்ரா இருக்கு, 1992இல் தொடங்கினது. கதிர், சிவா எண்டு எங்கட பேருகள்தான். முதல் அல்பம் 1998, பிறகு 'பிரம்மவித்யா' எண்டு மூன்று பாகம். வேதாந்தத்தை டெத் மெற்றலில் சமஸ்கிருதமும் கலந்து பாடுகினம். வாசிப்பு அபாரம். ஆனால் தமிழில் ஏன் இல்லை எண்டு எனக்கு ஒரு குறை. தேவாரத்தில் இல்லாத சுடலையா, பேயா?

பிலிப்பைன்ஸ்காரன் 2010இல் விசா முடிஞ்சு போட்டான். போகேக்க தன்ர ஹெட்ஃபோனைத் தந்தவன். இடப்பக்கம் மட்டும் வேலை செய்யுது, ஒஸி செத்த இரவும் அதிலைதான் கேட்டன்.