பரிசுத்தவான்

கொரிந்து சபையார் கட்சி கட்டி நின்றவர்கள். சகோதரன்மேலேயே வழக்குப் போட்டு நீதிமன்றம் ஏறியவர்கள். திருவிருந்தில்கூட ஒருவர் பசித்திருக்க, இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார். இத்தனையும் தெரிந்த பவுல், கடிதத்தின் தொடக்கத்திலேயே அவர்களைப் பரிசுத்தவான்கள் வரிசையில் வைக்கிறார். கிண்டல் இல்லை. உயிரோடு நடமாடும் சாதாரண விசுவாசிக்கு அன்று அதுதான் பெயர்.

பிறகு அந்தப் பெயர் இரத்தசாட்சிகளின் கல்லறைப் பக்கம் போயிற்று. 993இல் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கைப் போப்பாண்டவரே முறைப்படி புனிதராக அறிவித்தார். போர்த்துக்கீசியர் வழியாக அந்தப் பட்டம் ‘சாந்து’ என்று நம் கரைக்கு வந்தது. சென்னையின் சாந்தோம் இன்றும் அதைச் சுமக்கிறது. புனிதர் வரலாறுகளை ஹென்றிக்கஸ் அடிகளார் 1586இல் தமிழில் அச்சிட்டார். கத்தோலிக்கர் பின்னர் ‘அர்ச்சியசிஷ்டர்’ என்றார்கள், சுருக்கமாக ‘அர்ச்.’, இப்போது ‘புனிதர்’. 2022இல் அப்பட்டம் பெற்ற தேவசகாயம் மணமானவர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். குருவும் அல்ல, துறவியும் அல்ல.

சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் ‘பரிசுத்தவான்’ பவுலின் பொருளிலேயே இருக்கிறது. பேச்சில்தான் கெட்டுவிட்டது. “இவரு பெரிய பரிசுத்தவான்!” என்றால் அது பாராட்டா என்ன?

சொல்லின் உள்ளேயும் ஒரு சாய்வு உண்டு. எபிரேயத்தில் ‘காதோஷ்’ என்பது கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. பாத்திரமாகவும் இருக்கலாம், நாளாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். வடமொழி வழி வந்த ‘பரிசுத்தம்’ முற்றிலும் அழுக்கற்றது. அழுக்குப் படாமல் ஒதுங்குவதே பரிசுத்தம் என்ற எண்ணத்துக்கு இது தோதாகப் போயிற்று என்பது என் கணிப்பு. அதனால்தான் பல பிரசங்கங்களில் ‘கூடாது’ பட்டியல் நீள்கிறது: சினிமா கூடாது, நகை கூடாது, குடி கூடாது. குடி விஷயத்தில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் லேவியராகமம் 19ஐப் பாருங்கள். கடவுள் பரிசுத்தர், நீங்களும் அப்படியே இருங்கள் என்று ஆரம்பிக்கும் அதிகாரம், சில வசனங்களுக்குள்ளேயே வயலில் இறங்குகிறது. அறுக்கும்போது ஓரத்துக் கதிரை விட்டுவிட வேண்டும். சிந்தியதைப் பொறுக்கக் கூடாது. திராட்சைத் தோட்டத்திலும் உதிர்ந்த பழத்தைத் தொடக் கூடாது. அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை. கூலியாளின் கூலி விடியும்வரை முதலாளி மடியில் கிடக்கக் கூடாது. காது கேளாதவனைத் திட்டக் கூடாது, பார்வையற்றவன் வழியில் தடைக்கல் போடக் கூடாது. வழக்கில் ஏழை என்று இரங்கியோ பெரிய மனிதர் என்று பயந்தோ தீர்ப்பைக் கோணலாக்கக் கூடாது. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும். இங்கேயும் ‘கூடாது’ நிறைய உண்டுதான். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொன்றின் எதிர்முனையிலும் இன்னொரு மனிதன் நிற்கிறான். பலி பற்றியும் ஆடை நூல் பற்றியும் விதிகள் உண்டு; களத்துமேட்டையும் கடைத்தெருவையும் அவற்றிலிருந்து பிரித்து எழுதவில்லை.

அடுத்த முறை பரிசுத்த வாழ்வு பற்றிய பிரசங்கத்துக்குப் போகுமுன் அந்த அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். மொத்தம் 37 வசனங்கள்தான்.