பட்டறிந்தோர் பணியாளரான வரலாறு

தோல் பதனிடும் கைகளைத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கிவைத்த நாட்டிலே பிறந்தவர்கள் நாம். ஆதலின், பிரான்சு நாட்டில் தோல் பதனிடும் தொழிலைக் கற்ற ஒருவர், மனநோயர்களின் கைவிலங்கை அகற்றிய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

ழான் பப்டிஸ்ட் புசான் என்பது அவர் பெயர். 1771-ஆம் ஆண்டில் கண்டமாலை நோயோடு பாரிசுக்கு அருகிலிருந்த பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். மருத்துவமனையும் ஏழையர் விடுதியும் சிறையும் ஒன்றாய்க் கலந்திருந்த இடம் அது. நோய் தீர்ந்த பின்னும் அவர் அங்கேயே தங்கிப் பணியாளரானார். 1780-களில் மனநோயர் பகுதியின் பொறுப்பை ஏற்றார். நோயரை அடித்தல் கூடாது என்று கட்டளையிட்டார். அவர்களைக் கவனிக்கும் ஏவலரை எங்கிருந்து தேர்ந்தார் தெரியுமா? நோயிலிருந்து மீண்டவர்களிடமிருந்தும் மீண்டுவருபவர்களிடமிருந்தும் தேர்ந்தார். அடிபட்டு அறிந்தவன் அடிக்கக் கூசுவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1793-இல் பினேல் என்னும் மருத்துவர் அங்கே பொறுப்பேற்றார். கல்வியிற் சிறந்த அவர், புசானிடம் தாம் கற்றதை மறைக்காமல் எழுதிவைத்தார். 1797-இல் பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவர் புசானே. பினேல் அதற்குள் வேறு மருத்துவமனைக்கு மாறிச் சென்றிருந்தார். ஆயினும், பின்வந்த ஓவியர்கள் பினேலே சங்கிலிகளை அகற்றுவித்ததாகத் தீட்டினர். பட்டம் பெற்றவர் ஓவியத்தில் நின்றார், பட்டறிந்தவர் மறைந்தார்! இவ்வநீதி நமக்குப் புதியதன்று.

மனநோயாலோ, மதுவாலோ, பிற போதைப் பொருளாலோ துன்புற்று மீண்டவர்கள், அதே துன்பத்தில் உழல்வோர்க்குப் பயிற்சி பெற்ற பணியாளராக நின்று வழிகாட்டுதல் இன்று பல நாடுகளில் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழில் வளர்ந்த வழியை ஆராயுங்கால் ஓர் உண்மை புலப்படுகின்றது. பட்டறிவு மட்டும் போதுவதன்று. பயிற்சி மட்டும் போதுவதுமன்று. இரண்டும் சேர்ந்தவிடத்தும், உரிய ஊதியமும் மதிப்பும் இல்லையேல் அப்பணி நிலைப்பதில்லை.

அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான செனகா மக்கள் நிலத்தை இழந்து, மதுவால் சீரழிந்துகொண்டிருந்த காலத்தில், தாமும் குடியால் நோயுற்றுக் கிடந்து எழுந்த 'ஹேண்ட்சம் லேக்' என்னும் பெரியவர் 1799 முதல் தம் மக்களிடையே மதுவொழிப்பைப் பரப்பினார். 1840-இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் கூடி, 'இனிக் குடியோம்' என்று உறுதிபூண்டு, வாஷிங்டோனியர் என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அது காட்டுத்தீப் போல் பரவி, சில ஆண்டுகளிலேயே அணைந்தும் போயிற்று. உணர்ச்சி இருந்தது, உணர்ச்சியை நாள்தோறும் காக்கும் நெறியும் அமைப்பும் இல்லை. 1935-இல் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. எனினும் அது ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் உதவியே அன்றித் தொழிலன்று.

ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்க நிகழ்ச்சி 1970 நவம்பரில் நடந்தது. நியூயார்க்கின் தென் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ மக்களும் ஹெராயினால் மடிந்துகொண்டிருந்தனர். 'யங் லார்ட்ஸ்', 'பிளாக் பாந்தர்' இயக்கத்தினரும் போதையிலிருந்து மீண்டோரும் ஒன்றுகூடி, லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியில் புகுந்து அமர்ந்து, போதை நீக்க மையம் ஒன்றை நிறுவச் செய்தனர். மீண்டவர்களே அங்கு ஆலோசகராயினர். நோயைப் பற்றி மட்டுமன்று, அந்நோய் ஏழைகளின் தெருவில் ஏன் குடிகொண்டது என்பதைப் பற்றியும் அங்கே பாடம் நடந்தது. 1978-இல் நகர ஆட்சி காவலரைக் கொண்டு அவர்களை வெளியேற்றிற்று. எந்தப் பாந்தர் இயக்கம் அம்மையத்திற்குத் தோள்கொடுத்ததோ, அதன் பெயரைத் தழுவியே 1972-இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பயிற்சியின் வரலாற்றிற்கு வருவோம். 1955-இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் அடைபட்டிருந்தனர். 1980-க்குள் அத்தொகை ஒன்றரை இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. புதிய மருந்துகளும் 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் கதவைத் திறந்துவிட்டன. ஆனால், திறந்த கதவுக்கு வெளியே வீடில்லை, வேலையில்லை, வழிகாட்டுவாரும் இல்லை. அக்குறையை நீக்கவே 1970-களின் பிற்பகுதியில் 'கேஸ் மேனேஜர்' என்னும் பணியாளர் பெருகினர். நோயரின் தேவையறிதல், அவரோடு அமர்ந்து திட்டமிடல், உரிய இடத்தோடு இணைத்தல், தொடர்ந்து கவனித்தல், அவர் உரிமைக்காகப் பேசுதல் ஆகிய ஐந்தும் அவர்தம் கடமைகள். இவரை நாம் துணைப் பணியாளர் என்று அழைப்போம்.

நோயரோ வெறும் கைகளாய் இருக்க விரும்பவில்லை. மனநோய் விடுதியில் அடைபட்டு மீண்ட ஜூடி சேம்பர்லின் என்னும் பெண்மணி 1978-இல் நூலொன்று எழுதி, எங்களுக்கான உதவியை நாங்களே நடத்த வல்லோம் என்று வாதிட்டார். 1980-களில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், நெடுநாள் மனநோயுற்றவர்களுக்கே வகுப்புப் பாடமும், அதன்பின் பணியிடப் பயிற்சியும் அளித்து, துணைப் பணியில் அமர்த்தும் திட்டம் தொடங்கிற்று. 'இவர்களால் இயலுமா?' என்ற வினா எழாமலா இருக்கும்? அவ்வினாவைப் பிலடெல்பியாவில் சாலமன், டிரெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் சோதித்தனர். நோயரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மீண்டோரிடமும் மறுபிரிவை வழக்கமான பணியாளரிடமும் ஒப்படைத்தனர். ஈராண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஒத்தே இருந்தது என்று 1995-இல் வெளியிட்டனர். தாழ்வென்று கருதப்பட்டவர் சமமென்று மெய்ப்பித்தனர்!

1999-இல் ஜார்ஜியா மாநிலம் இப்பணிக்கு ஏழையர் மருத்துவ நிதியான 'மெடிக்கெய்ட்'டிலிருந்து கட்டணம் பெறும் வழியை முதன்முதலில் வகுத்தது. பயிற்சிக்குப் பின் தேர்வும் சான்றிதழும் ஏற்படுத்திற்று. 2007-இல் நடுவண் அரசு, இப்பணிக்கு நிதி பெற மூன்று நிபந்தனைகளை எல்லா மாநிலங்களுக்கும் அறிவித்தது: தக்க மேற்பார்வை, ஒருங்கிணைந்த சிகிச்சைத் திட்டம், சான்றிதழோடு கூடிய பயிற்சி.

அப்பயிற்சியில் கற்பிப்பது யாது? முதற்பாடம் கேட்டல். மீண்டவர்க்கு அறிவுரை கூறும் ஆவல் மிகுதி. அதை அடக்கி, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருத்தலே கடினம். இரண்டாவது, தன் கதையை அளவோடு சொல்லுதல். கேட்பவர்க்கு நம்பிக்கை தருமளவே சொல்லவேண்டும், தன் பாரத்தை அவர்மேல் இறக்கலாகாது. மூன்றாவது, எல்லையறிதல், மருந்தைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொல்ல இவர்க்கு உரிமையில்லை, கொடுக்கல் வாங்கல் கூடாது, அறிந்த செய்தியை ஊரில் பேசலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டாலோ, அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். நான்காவது, கண்டதைக் கண்டபடி குறிப்பெழுதுதல். ஐந்தாவது, தன் நலம் பேணுதல். பிறர்க்கு உதவும் வேளையில் தன் பழைய நோய் தலைதூக்கும் அறிகுறிகளை அறிந்து உதவி கேட்டல். இவற்றை ஏட்டிலிருந்து படிப்பதில்லை. ஒருவர் நோயராகவும் ஒருவர் பணியாளராகவும் நடித்துப் பழகுகின்றனர். பின்னர் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் களத்தில் இறங்குகின்றனர்.

எனினும், இத்தொழிலின் வரலாறு வெற்றிகளை மட்டும் கொண்டதன்று. சான்றிதழ் பெற்றும் குறைந்த ஊதியத்திலும், பகுதிநேர வேலையிலும், கூட்டத்தில் வாய் திறவாத இருக்கையிலும் மீண்டோரை வைத்திருக்கும் நிலையங்கள் பலவாகும். 'உங்கள் அனுபவம் விலைமதிப்பற்றது' என்று புகழ்ந்து, விலையே கொடாமல் விடுவதும் ஒருவகைச் சுரண்டலே. அவரவர் குறையை எடுத்துரைக்க அவரவர் மக்களுள் வந்தவரே தகுதியுடையர் என்று 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டதையும், 1930-இல் இலண்டன் வட்டமேசையில் அவரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அமர்ந்ததையும் அறிந்த நமக்கு, இருக்கையின் பொருள் நன்கு விளங்கும்.

நம் மண்ணுக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்புண்டு. புசான் சங்கிலியை அகற்றி 204 ஆண்டுகள் கழிந்தபின், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாது வெந்து, 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்து, சமுதாயத்தில் வாழும் உரிமையை நோயர்க்கு வழங்கியது. காஞ்சிபுரம், கோவா, சாத்தாரா ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, மருத்துவத்தோடு பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளரின் துணையும் சேர்ந்தால் மனச்சிதைவு நோயரின் இயலாமை ஓரளவு குறைவதைக் காட்டிற்று. அப்பணியாளர் மருத்துவர் அல்லர், பயிற்றப்பட்ட எளியவரே.

சட்டம் வந்தது; ஆனால், சட்டத்தை நோயரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்வார் யார்? மருந்துச் சீட்டோடு வெளியே வரும் கூலித்தொழிலாளிக்கு அடுத்த மாதம் பேருந்துக் கட்டணம் எங்கிருந்து வரும்? ஊனமுற்றோர் சான்றிதழுக்கு எந்த நாளில் எவரைப் பார்ப்பது? இவற்றையெல்லாம் ஒருமுறை தானே அலைந்து அறிந்தவர் நம் தெருவிலேயே இருக்கின்றார். ஆனால், 'குடித்துக் கெட்டவன்', 'பைத்தியம்' என்னும் பழம்பெயர்களால் நாமே அவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியிருக்கின்றோம். பிறர் நம்மை ஒதுக்கியதை எதிர்த்த நாம், நம்முள் ஒருவரை ஒதுக்குதல் தகுமா?

இளைஞர்களே! வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம், இருபத்தைந்து ஆண்டுகளாகப் பட்டம் பெற்றோரைப் பாராட்டி வந்துள்ளது. அது சாலச் சிறந்ததே. இனிவரும் ஆண்டுகளில், பட்டறிந்தோர்க்கும் ஒரு வகுப்பறையைத் திறப்போம். மீண்டு வந்த அண்ணனையும் அக்காளையும் முன்வரிசையில் அமரச் செய்வோம். அவர்க்குப் பயிற்சியைத் தேடித் தருவோம். பணிக்கு உரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறுவோம். அடுத்த ஓவியத்திலாவது சங்கிலியை அகற்றியவரின் முகம் தெரியட்டும்!